ஒரு மணிக்குக் கூப்பிடாத பெட்டி

என் மகளுக்குப் பத்து வயதில் சர்க்கரை நோய் வந்தது. கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, "அவ்வளவு மிட்டாயா வாங்கிக் குடுத்தீங்க?" என்பதுதான். காங்கேயத்திலிருந்து பஸ் பிடித்து வந்த சொந்தக்காரர்கள் வெந்தயம், ஆவாரம்பூ, நாவல் கொட்டைத் தூள் என்று ஆளுக்கொரு பொட்டலம் கொண்டுவந்தார்கள். ஊசி போட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும், அதனால் போடவே கூடாது என்று ஒருவர் சொன்னார். மூச்சு விடுவதும்தான் பழகிவிட்டது, அதை என்ன செய்யலாம் என்று நான் கேட்கவில்லை. மரியாதை தெரிந்த ஊர்க்காரர்கள் நாங்கள். பொட்டலங்களை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, காப்பி கொடுத்து, திரும்ப பஸ் ஏற்றிவிட்டோம்.

டாக்டரம்மா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். காலை ஏழரைக்கு ஊசி. எட்டுக்கு இட்லி. பதினொன்றுக்கு மோரும் இரண்டு பிஸ்கட்டும். ஒரு மணிக்குச் சோறு. நாலுக்குச் சுண்டல். மாலை ஏழுக்கு மறுபடி ஊசி, அதன் பிறகு இரவுச் சாப்பாடு.

"ஊசி போட்டுட்டா மருந்து உள்ள வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். சோறு போனாலும் போகாட்டியும் அது நிக்காது" என்றார். "சக்கரை ஏறுனா மெதுவா இறக்கிக்கலாம். ரொம்ப இறங்கிப்போச்சுன்னா நம்மகிட்ட நேரம் இருக்காது. ஞாபகம் வெச்சுக்கோங்க."

வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து வேறெதையும் வைத்துக்கொள்ள எனக்கு ஞாபகத்தில் இடம் இல்லை.

நான் பம்பு செட் செய்யும் ஒரு கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருந்தேன். காலை ஒன்பது முதல் மாலை ஐந்தரை வரை, சனிக்கிழமையும் உண்டு. என் கணவருக்குக் கணபதி ஏரியாவில் எங்கள் வீட்டு முன்பக்கத்திலேயே பட்டறை. ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர், தனி ஆளாக அவர். ஆகவே பகலில் மகள் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அவர் பொறுப்பு.

முதல் நாலு மாதம் அவர் அதை எப்படிச் சமாளித்தார் என்று சொன்னால் படித்தவர்கள் யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். லேத் வேலை செய்கிறவர் கையில் கடிகாரம் கட்டுவதில்லை. "என்ற வயித்துக்கு மணி தெரியும் அம்மணி" என்பார். விடுமுறை நாளில் பன்னிரண்டே முக்கால் சுமாருக்கு அவருக்குப் பசிக்கும். லேத்தை நிறுத்தி, கிரீசைத் துணியில் துடைத்து, "வா கண்ணு, சாப்பிடலாம்" என்று கூப்பிடுவார். ஒரு நாள் ஒன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, ஒரு நாள் ஒன்றேகாலுக்கு. நடுவில் மகளுக்குக் கை நடுங்கினால் அவளே போய் லேத் பக்கத்தில் நின்று, "அப்பா, கை ஆடுதுங்கப்பா" என்பாள். உடனே இரண்டு ஸ்பூன் குளுக்கோஸ். ஒருவருடைய பசி, இன்னொருவருடைய கை நடுக்கம் இரண்டையும் வைத்தே நாலு மாதம் ஒரு பிசகும் இல்லாமல் ஓடியது. கணிதத்தில் பி.எஸ்ஸி. வாங்கிய எனக்கு அது பார்க்கச் சகிக்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காந்திபுரத்தில் ஒரு பயிற்சி மையத்துக்குப் போக ஆரம்பித்தேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஏ.சி. அறைக்குள் போக வேண்டும். தூசி ஆகாது, சூடு ஆகாது, சத்தம் போடக் கூடாது. அந்தக் கம்ப்யூட்டருக்குக் கிடைத்த கவனத்தில் பாதி, நோய் தெரிந்தபோது என் மகளைச் சேர்த்திருந்த வார்டில் கிடைத்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். கூடப் படித்தவர்கள் எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். நரைத்த தலை என்னுடையது ஒன்றுதான். சொல்லிக் கொடுத்தது இருபத்திரண்டு வயதுப் பெண். என்னை அக்கா என்பாள்.

திரையில் பொத்தான்களை இழுத்து வைத்து எழுதும் பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுத் தந்தார்கள். முடிவில் ஆளுக்கொரு புராஜெக்ட் செய்ய வேண்டும். மற்ற பிள்ளைகள் நூலகம், மார்க் லிஸ்ட், வீடியோ கேசட் வாடகை என்று எடுத்துக்கொண்டார்கள். சாப்பாட்டு நேரத்தை ஞாபகப்படுத்தும் புரோகிராம் எழுதப்போகிறேன் என்றேன் நான்.

"அதுக்கு அலாரம் கடிகாரம் இருக்குதுங்களே அக்கா?"

"அது ஒரு நேரத்துக்குத்தான் அடிக்கும். எனக்கு ஏழு நேரத்துக்கு அடிக்கோணும். எதுக்கு அடிக்குதுன்னும் சொல்லோணும்."

"அப்ப ஏழு கடிகாரம் வாங்கிரலாமுங்க" என்று பின்வரிசையில் ஒரு பையன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வகுப்பில் அன்று உருப்படியான யோசனை சொன்னது அவன் ஒருவன்தான் என்று பிற்பாடு எனக்குத் தெரிந்தது.

டைமர் என்று ஒன்று உண்டு. கடிகாரம் மாதிரி ஒரு சின்னப் படம். அதை எடுத்துத் திரையில் வைத்து, எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை எழுந்திருக்க வேண்டும் என்று விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்ல வேண்டும். எட்டு மணிக்கும் பதினொன்றுக்கும் நடுவில் மூன்று மணி நேரம். ஒரு கோடியே எட்டு லட்சம் என்று பெருக்கிப் போட்டேன். ஏற்க மாட்டேன் என்றது. அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சத்துக்கு மேல் போனால் அதற்கு ஆகாதாம்.

"ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதானுங்க அக்கா இதால முடியும்" என்றாள் அந்தப் பெண். "அதனால நிமிஷத்துக்கு ஒருக்கா எழுப்பி விடோணும். எந்திரிச்சு மணி பாக்கும். பதினொண்ணு ஆச்சா? ஆகலையா? மறுபடி தூங்கிரும்."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. வகுப்பில் முதல் ஆளாக எழுதி முடித்தது நான்தான். நிமிடத்துக்கு ஒரு முறை திடுக்கிட்டு எழுந்து, கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்று மறுபடி உட்காருவதைத்தான் நான் நாலு மாதமாக ஆபீசில் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்துவந்தேன். என் கவலையை அப்படியே புரோகிராமாக எழுதி மெஷினிடம் ஒப்படைத்துவிட்டு, நான் நிம்மதியாக இருக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

நேரம் வந்ததும் மூன்று முறை பீப் சத்தம். திரை நடுவில் ஒரு பெட்டி எழும்பி, தமிழை ஆங்கில எழுத்தில் சொல்லும்: 'மணி 11. மோர், 2 பிஸ்கட்.' கீழே ஓகே என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் பெட்டி மறையும். வகுப்பு இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, ஆபீசில் கடன் போட்டு வீட்டுக்கு வாங்கிய கம்ப்யூட்டருக்கு எதிரில் நானே உட்கார்ந்து சோதித்தேன். ஒவ்வொரு பெட்டியும் நேரத்துக்கு வந்தது. ஒவ்வொன்றுக்கும் உடனே ஓகே அழுத்தினேன். மாமனார் வீட்டு விருந்துக்கு வந்தவர்களை உட்கார வைப்பது போல அவ்வளவு கவனிப்பு.

வீட்டில் கம்ப்யூட்டரைப் பட்டறைக் கதவுக்கு நேராக வைத்தோம். லேத் சத்தத்தில் பீப் அவர் காதில் விழ வேண்டுமே. அங்கே வைத்தால் கிரைண்டரிலிருந்து இரும்புத் தூள் வரும். அதனால் ஒரு சென்னிமலைப் போர்வையை எடுத்து மூடி வைத்தோம். மூடினாலும் சத்தம் கேட்கும், அது போதும் என்றேன். வேறு ஒரு சட்டமும் போட்டேன். என்னைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது.

எந்த மோட்டாரையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிற மனிதர், அதற்கு இரண்டடி தள்ளிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஷாக் அடிக்குமா அம்மணி?"

"அதெல்லாம் அடிக்காதுங்க. நீங்க எதையாவது அமுத்தி, எழுதுனதெல்லாம் அழிஞ்சுபோட்டா என்ன பண்றது?"

"நான் எதுக்குத் தொடறேன்? உன்ற பெட்டி" என்றார்.

காலையில் கிளம்பும் முன் நான் ஓட விட்டுப் போவேன். பள்ளி நாளில் மோரும் சோறும் அவளுக்குப் பள்ளியிலேயே என்பதால் அந்த இரண்டு நேரத்தையும் எடுத்துவிடுவேன். மகள் பள்ளியிலிருந்து மூன்றரைக்கு வருவாள். நாலுக்குப் போர்வைக்குள்ளிருந்து பீப் சத்தம் வரும், சுண்டல் சாப்பிடுவாள். ஆறு மணிக்கு நான் வந்து போர்வையைத் தூக்கினால் 'மணி 4. சுண்டல்' என்று பெட்டி எனக்காகக் காத்திருக்கும். பெருமையோடு ஓகே அழுத்துவேன். ஏழு மணி ஊசிக்கு நான் எப்படியும் வீட்டில் இருப்பேன். நடுவில் வந்த சனிக்கிழமையும் அவளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. இப்படிப் பத்து நாள். அந்தப் பத்து நாளில் ஒரு முறைகூடக் கரண்ட் போகவில்லை. வாரத்துக்கு நாலு தடவை போகிற கரண்ட். அது வழக்கம்போலப் போயிருந்தால் என் வீட்டில் ஒருவரும் அந்தப் பெட்டியை நம்பியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டாவது வாரப் புதன்கிழமை பர்மிஷன் போட்டுவிட்டுச் சீக்கிரம் வந்தேன். நாலுக்குப் பத்து நிமிடம் இருந்தது. மகள் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, பெட்டி கூப்பிட்டுச்சுங்களா?"

"இன்னும் இல்லை. புள்ளை பசிக்குதுன்னா. பத்து நிமிஷம்தானே அம்மணி?"

"பத்து நிமிஷம்னு லேசாச் சொல்றீங்க. உங்க இஷ்டத்துக்கு முன்ன பின்ன குடுக்கறதுக்கா நான் ஞாயித்துக்கிழமையெல்லாம் பஸ் ஏறிப் போய்ப் படிச்சேன்? பசியைக் கேக்காதீங்க. மணியைக் கேளுங்க."

மகள் வாயிலிருந்த சுண்டலை மெல்லாமல் என்னையே பார்த்தாள். அவர், "செரி, இனிமே பெட்டி சொல்றபடி" என்றார். அவர் கோபத்தில் சொல்லவில்லை. அவர் சொன்ன சொல் தவறுகிற ஆள் இல்லை.

அடுத்து வந்த சனிக்கிழமை மகளுக்கு விடுமுறை. எனக்கு ஆபீஸ். எல்லா நேரத்தையும் வைத்து ஓட விட்டுப் போனேன். மூன்று மணி ஆகப்போகும் நேரத்தில் எனக்குப் போன் என்று கூப்பிட்டார்கள். எடுத்தேன். அவர்தான்.

"அம்மணி, சாப்பிட்டாச்சா?"

"ஆச்சுங்க. என்னங்க, இந்நேரத்துல?"

"வேலை ரொம்ப இருக்குதா?"

"இல்லீங்க. என்னன்னு சொல்லுங்க."

"ஒண்ணுமில்லை. சித்தெ ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துட்டுப் போறயா? பதட்டப்படாம வா. பாப்பா கண்ணு முழிச்சுக்கிச்சு."

கண் விழித்துக்கொண்டாள். அப்படியென்றால் அதற்கு முன்னால் அவள் கண் மூடிக் கிடந்திருக்கிறாள். கெட்ட செய்தியைக்கூட முதலில் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யாரென்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

ஆட்டோவில் போனேன். அவள் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. முடி முழுக்க வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. இரண்டு கன்னத்திலும் கறுப்பாக விரல் தடம், கிரீஸ். அவர் அவள் வாயைத் திறந்து கன்னத்தின் உட்பக்கம் சர்க்கரையைத் தேய்த்திருக்கிறார். டாக்டரம்மா என்றைக்கோ சொல்லிக் கொடுத்திருந்தது அது. என் கணவர் அதைத் தாளில் எழுதிக்கொள்ளவில்லை, ஞாபகத்தில் இருந்திருக்கிறது.

டாக்டரம்மா வந்து, "மத்தியானம் சாப்பிடலையா இவ?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றார் அவர்.

"ஏன்?"

"பெட்டி கூப்பிடலீங்க."

"எந்தப் பெட்டி?"

"கம்ப்யூட்டருங்க. இவங்க எழுதுனது. ஒரு மணிக்குக் கூப்பிடோணுமுங்க. பதினொண்ணுக்குக் கூப்பிட்டுச்சு, மோர் குடுத்தேன். ஒண்ணுக்குக் கூப்பிடலீங்க."

அவர் குரலில் குற்றச்சாட்டே இல்லை. பழுதான மோட்டாரைப் பற்றி மெக்கானிக்கிடம் சொல்வது போல, எந்த இடத்தில் நின்றது என்று சரியாகச் சொன்னார். டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். ஆடிட்டுக்கு வருகிறவர்களின் பார்வையை நான் வருடா வருடம் பார்த்தவள். அதெல்லாம் கொஞ்சல்தான் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

"அடுத்த தடவை மொதல்ல சோத்தைப் போடுங்க. பெட்டியைப் பொறவு கேக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அவர் மீதியைச் சொன்னார். பன்னிரண்டே முக்காலுக்கு அவருக்குப் பசித்திருக்கிறது. பெட்டி சும்மா இருந்ததால் இன்னும் நேரம் ஆகவில்லை போலிருக்கிறது என்று அடுத்த ஷாஃப்ட்டை லேத்தில் ஏற்றியிருக்கிறார். பிறகு மகள் வந்திருக்கிறாள்.

"அப்பா, பசிக்குதுங்கப்பான்னா. சித்தெ இரு கண்ணு, பெட்டி கூப்பிடட்டும், முன்னயே தின்னா அம்மா வையும்னேன். செரின்னு போய்ட்டா. தட்டை எடுத்துட்டுப் போய்ப் பெட்டிக்கு முன்னால உக்காந்துக்கிட்டா. நான் லேத்துல இருந்துட்டேன். ரெண்டு மணிக்கு மேல, என்ன இது, இவ்வளவு நேரமான்னு எந்திரிச்சுப் போனா, தட்டை மடியில வெச்சுக்கிட்டு அப்படியே சாஞ்சு கெடக்கறா."

வேறு ஏதாவது பேச வேண்டுமே என்று, "நீங்க எப்பச் சாப்பிட்டீங்க?" என்றேன்.

"பெட்டி கூப்பிடலையே" என்றார். அப்போது மணி ஐந்து.

இரவு ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். மாற்றுத் துணி எடுக்க நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். போர்வையைத் தூக்கினேன். 'மணி 11. மோர், 2 பிஸ்கட்' என்று பெட்டி திரை நடுவில் அப்படியே நின்றுகொண்டிருந்தது, யாராவது ஓகே அழுத்துவார்கள் என்று. யாரும் அழுத்தவில்லை. தொடக் கூடாது என்று வீட்டில் சட்டம் இருந்தது, அதை அவர்கள் மதித்தார்கள். நான் ஓகே அழுத்தினேன். பெட்டி மறைந்தது. பையில் துணியை அடைத்துக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் மூன்று பீப். 'மணி 7. ஊசி.' ஒரு விநாடி பிசகவில்லை. அன்று மாலை ஊசி போட வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தது அதற்குத் தெரியாது.

இன்றைக்கும் பஸ்ஸில் யாருடைய கைக்கடிகாரமாவது பீப் என்றால் திடுக்கிட்டு எழுந்து நின்றுவிடுகிறேன். இறங்கப்போகிறேன் என்று நினைத்துக் கண்டக்டர் விசில் அடிப்பார்.

அதற்கடுத்த ஞாயிறு பயிற்சி மையத்துக்குப் போனேன். என்ன நடந்தது என்று சொல்லவில்லை. ஒரு பெட்டிக்கு ஓகே அழுத்தாவிட்டால் அடுத்தது வருவதில்லையே, ஏன் என்று மட்டும் கேட்டேன்.

"அய்யோ, ஆமாங்க அக்கா. அந்தப் பெட்டி தெறந்திருக்கற வரைக்கும் டைமர் ஓடாதுங்க. அப்படியே நின்னுரும். அது அடுத்த பாடத்துல வருதுங்க" என்றாள். என் பக்கமாகச் சாய்ந்து பெட்டியை எடுத்துவிட்டு, திரையிலேயே எழுத்து வரும்படி மாற்றினாள். "பாத்தீங்களா, ஒரே வரிதான்!"

பார்த்தேன். ஒரே வரிதான். அது அடுத்த பாடத்தில் இருந்தது. என் புராஜெக்டுக்கு 'மிக நன்று' என்று போட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். மற்றவர்களின் புராஜெக்டுகள் வெறும் கேசட் வாடகையோடு போய்விட்டன.

திருத்திய புரோகிராமை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஏற்றாமல் விடுகிற தைரியமும் எனக்கு இல்லை. அடுத்து விடுமுறை வந்த சனிக்கிழமை காலை நான் செருப்பு மாட்டும்போது அவர் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"அம்மணி, ஒண்ணு கேக்கறேன். இன்னைக்கு நேரத்துக்குக் குடுக்கோணுமா, பசிக்குக் குடுக்கோணுமா? எப்படின்னு சொல்லிட்டுப் போயிரு."

கிண்டலாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் நிஜமாகவே கேட்டார். மகள் உள்ளேயிருந்து, "எது முன்ன வருதோ அதுக்குங்கப்பா" என்றாள்.

பஸ் ஏறினேன். மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். அங்கேயே ஒரு கடை வாசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். கடைக்காரர் இரண்டு தடவை, "ஏனுங்க, என்ன வேணுமுங்க?" என்று கேட்டார். தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டேன். பிறகு வீட்டை நோக்கி நடந்தேன்.

பட்டறைக் கதவு திறந்திருந்தது. லேத் ஓடவில்லை. இரண்டு பேரும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மோர்ச் சொம்பு. பதினொன்றுக்கு இன்னும் அரை மணி இருந்தது. நான் வாசலில் நிழல் விழ நின்றதும் மகள் நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த பிஸ்கட்டைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

அவர் எழுந்து, "புள்ளைக்குக் கை ஆடுச்சு, அதுதான்…" என்று ஆரம்பித்தார்.

"சாப்பிடு கண்ணு" என்றேன்.

அவள் சாப்பிடவில்லை. போர்வை மூடிய பெட்டியை ஒரு முறை பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் எழுந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்து, "எனக்கும் ஒண்ணு குடு, பசிக்குது" என்றேன். பாக்கெட்டை நீட்டினாள். நான் ஒன்றை எடுத்துக் கடித்த பிறகுதான் அவள் கை முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கடித்தாள்.